நான் கப்பலேற்றிய கார்

தம்பி, வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டு இதைப் படி. வாட்ஸப்பில் நான் அனுப்புகிற குரல் செய்திகளை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பேன் என்று ஒருநாள் உன் வாயாலேயே சொல்லிவிட்டாய். அதனால்தான் எழுத்தில் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்; ஏனென்றால் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிற வீடு ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் வாயில் ஒரு கார் கப்பலில் வந்துகொண்டேதான் இருக்கிறது. உன் பெயரை எங்கும் போடவில்லை, பயப்படாதே. என் பெயரையும் போடவில்லை. எனக்கும் கொஞ்சம் வெட்கம் உண்டு.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஊர்க்கதை. வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டச் சொன்னானே அந்த ஜப்பான் ஏஜென்ட், அவனுக்குக் கட்டாதே. பழைய காரைக் கப்பலில் கொண்டுவந்தால் இங்கே புதுசு வாங்குவதைவிட மிச்சம் என்று நீ போட்டு அனுப்பிய கணக்கு தப்பு. தப்பைக் கண்டுபிடித்தது நான் இல்லை, அந்த அளவுக்கு எனக்குக் கணக்கு வராது. கண்டுபிடித்தவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். ஜப்பானில் ஐந்து வருஷமாக மிஷினோடு மிஷினாக நின்று நீ சேர்த்தது திண்டிவனத்தில் சொந்தமாக ஒரு லேத் பட்டறை போடுவதற்கு. ஒரே ஒரு கார் அந்தப் பட்டறையை அப்படியே விழுங்கிவிடும். அந்தக் காருக்கு முதன்முதலில் வாயைத் திறந்து வழிவிட்டவள் நான்.

நிச்சயதார்த்தத்துக்கு நீ வரவில்லை, லீவு கிடைக்கவில்லை. அதனால் அங்கே நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். தட்டு மாற்றுவதற்கு முந்தின வாரம் போனில் என்ன சொன்னாய்? “அம்மா, அவங்க கிட்ட ஒரு குண்டுமணி கூட கேக்காத. அவங்களா குடுத்தாலும் வேணாம்னு சொல்லிடு.” நானும் பெரிய இவளாட்டம் சரி என்றேன். விழுப்புரத்தை அடுத்த காணையில் பெண் வீட்டுக் கூடத்தில் ஜமுக்காளத்தின் மேல் இரண்டு பக்கத்துப் பங்காளிகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். உன் மாமனார் எழுந்து நின்றார். கரும்புத் தோட்டத்திலிருந்து நேராக வந்து சட்டை மாட்டிக்கொண்டவர் மாதிரி இருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, மாப்பிள்ளைக்கு ஒரு கார் போட்டுவிடுகிறோம் என்றார். நான் வேண்டாம் என்றேன். அவர் சொன்னதைவிடக் கூடக் கேட்டிருந்தால் பேரம் பேசியிருப்பார்கள். வேண்டாம் என்றதும் எல்லாரும் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்கள். பெண்ணோட பெரியப்பா ஒருவர், வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு, நிதானமாகக் கேட்டார்: “வேணாம்னா இன்னா அர்த்தம்மா? பையனுக்கு ஏதாவது கொறை கிறை இருக்குதா?”

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். வாங்குகிறவனுக்குத்தான் மரியாதை, வேண்டாம் என்கிறவனிடம் என்னமோ இருக்கிறது என்று விசாரிக்கக் கிளம்பிவிடுவார்கள். பயந்துவிட்டேன். அடுத்த நொடி என் வாய் என்னைக் கேட்காமல் பேசியது: “கொறையா? நல்லா கேட்டீங்க போங்க. அவன் அங்கருந்தே கார் எடுத்துக்கினு வர்றான். கப்பல்ல வருது.” சொல்லி முடித்ததும் கூடம் முழுக்க முகம் மலர்ந்துவிட்டது. பெரியப்பா மறுபடி மெல்ல ஆரம்பித்தார். எந்தத் துறைமுகம் என்றுகூட ஒருவர் கேட்டார், சென்னை என்றேன். என்ன நிறம் என்று ஒரு அம்மாள் கேட்டாள், வெள்ளை என்றேன். வெள்ளை என்றபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். முப்பது வருஷமாகப் பார்க்கிற அதே பார்வைதான்.

அதை நீ உன் வருங்காலப் பெண்டாட்டி சொல்லிக் கேள்விப்பட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அம்மா சபையில் வாக்குக் கொடுத்துவிட்டாள், காப்பாற்ற வேண்டும் என்று அங்கே கார் தேட ஆரம்பித்தாய். நல்ல பிள்ளை. கொஞ்சம் கெட்ட பிள்ளையாக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஏழு வருஷம் ஓடிய ஒரு வெள்ளைக் காரின் படத்தை நீ அனுப்பினாய். விலையைப் பார்த்து என் கண்ணையே நம்ப முடியவில்லை, இங்கே ஒரு நல்ல பைக் விலை. ‘ஜப்பானிலும் நம்ம ஊர் மாதிரி ஸ்டீயரிங் வலது பக்கம்தான், எதையும் மாற்ற வேண்டியதில்லை, அப்படியே இறக்கி ஓட்டலாம்’ என்று கீழே எழுதியிருந்தாய். அந்தப் படத்தை என் ஜெராக்ஸ் கடைக்கு வந்த எத்தனை பேருக்குக் காட்டினேன் என்று கேட்காதே. ஆதார் நகல் எடுக்க வந்த ஆளைக்கூட விடவில்லை. பொய் ஒன்று தானாகவே நிஜமாகப் போகிறது என்றால் யாருக்குத்தான் குஷி வராது?

குஷி எப்போது இறங்கியது என்றால், போன மாதம் முகூர்த்தப் புடவை விஷயமாகக் காணைக்குப் போனபோது. உன் மாமனார் வீட்டு வாசலில் ஒரு பக்கத்து கேட் தூணை இடித்துவிட்டு, மூன்றடி தள்ளிப் புதுசாகக் கட்டியிருந்தார். சிமெண்ட் ஈரம்கூடக் காயவில்லை. ஜப்பான் கார் உள்ளே திரும்ப வேண்டுமாம். நான் டீயைக் குடித்துக்கொண்டே அந்தத் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது உன் மாமியார் பேச்சுவாக்கில் சொன்னார்கள், கார் போடுவதாகச் சொன்னபோது அரை ஏக்கரை விற்பதற்கு ஆள் பார்த்து வைத்திருந்தார்களாம். மாப்பிள்ளையே கொண்டுவருகிறார் என்றதும் அந்த ஆளை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்களாம். “உங்க புண்ணியத்துல நெலம் தப்பிச்சுது” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கார் வரவில்லை என்று நான் சொன்னால் அரை ஏக்கர் போகும். கார் வந்தால் உன் பட்டறை போகும். பஸ்ஸில் திண்டிவனம் வந்து சேர்கிற வரைக்கும் பக்கத்து சீட் அம்மாளிடம்கூட நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இதிலிருந்தே என் நிலைமையைப் புரிந்துகொள்.

சரி, உன் கணக்கு. நம் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருவாரே கோட்டக்குப்பம் பாய், துபாயில் கொஞ்ச காலமும், மும்பைத் துறைமுகத்தில் வண்டிகள் இறக்குகிற கிளியரிங் ஆபீசில் பல காலமும் இருந்துவிட்டு வந்தவர். அவரிடமும் பெருமையாகப் படத்தைக் காட்டினேன். படத்தை அவர் பார்க்கவே இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், வண்டி எத்தனை வருஷத்து வண்டி என்று. ஏழு என்றேன். “அப்ப பேச்சே வேணாம்க்கா. செஞ்சு மூணு வருசம் தாண்டின பழைய வண்டிய உள்ளயே வுட மாட்டாங்க. சென்னைக்குக் கப்பல்ல வருதுன்னு சொன்னீங்களே, அதுவும் கெடையாது. பழைய காரு பம்பாய்ல மட்டும்தான் எறங்கும். தம்பிய பேஜாருல மாட்டி வுட்டுடாதீங்க.” கோட்டக்குப்பத்தில் வளைகுடாவுக்குப் போய்வராத வீடு கிடையாது, அங்கிருந்து வராத சாமான் கிடையாது, ஆனால் கார் மட்டும் யாரும் கொண்டுவந்ததில்லை, ஏன் என்று நினைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டார். அங்கெல்லாம் ஸ்டீயரிங் இடது பக்கம், அதனால் ஆரம்பத்திலேயே ஆசை அடங்கிவிடுகிறது. ஜப்பான், சிங்கப்பூர், இங்கிலாந்து போன பிள்ளைகளுக்குத்தான் தொல்லை. ஸ்டீயரிங் சரியான பக்கத்தில் இருப்பதாலேயே மற்றதெல்லாம் சரியாக இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள் என்றார். உன்னைப் பார்த்துச் சொன்ன மாதிரியே இருந்தது.

இதை உனக்குச் சொன்னபோது நீ விட்டாயா? ஏஜென்ட் மூன்று வருஷம் ஆகாத வண்டியே பார்த்துத் தருவான் என்று அடுத்த கணக்கை அனுப்பினாய். அதையும் கடையில் அச்செடுத்துப் பாய் முன்னால் வைத்தேன். அவர் சொன்னதை நீ தெரிந்துகொள்கிற மாதிரி சொல்கிறேன். முதலாவது, மூன்று வருஷத்துக்குள் ஓடிய வண்டி ஜப்பானிலும் பைக் விலைக்குக் கிடைக்காது. நீ ஆசைப்பட்ட மலிவு ஏழு வருஷத்தோடு போயிற்று. சரி, அதை நூறு ரூபாய் என்று வைத்துக்கொள். கப்பல் கூலியும் இன்சூரன்சும் அதன் தலையில் ஏறும். அந்த மொத்தத்தின் மேல்தான் சுங்க வரி. வரி என்றால் ஓட்டல் பில்லின் அடியில் சின்னதாக வருகிறதே, அந்த மாதிரி வரி இல்லை. வண்டியின் விலையைத் தாண்டி நிற்கிற வரி. அதுவும் நீ பேரம் பேசி வாங்கிய விலைக்குப் போட மாட்டார்கள். அந்த வண்டி புதுசாக இருந்தபோது என்ன விலையோ அதில் வருஷத்துக்கு இவ்வளவு என்று கழித்து அவர்களே ஒரு விலை வைத்து அதற்குப் போடுவார்கள். நீ சாமர்த்தியமாகக் குறைத்து வாங்கியது ஏஜென்ட்டுக்கும் உனக்கும்தான் தெரியும், சுங்கத்துக்குத் தெரியாது. நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர்களுக்குச் சலுகை உண்டே என்று உன் சார்பில் நானும் வாதாடிப் பார்த்தேன். வீட்டுச் சாமானுக்கு உண்டு, காருக்கு வரி வரிதான் என்று சொல்லிவிட்டார். அதோடு, இறக்கிய பிறகு இரண்டு வருஷத்துக்கு விற்கவும் முடியாதாம்.

அப்புறம் வண்டி நம் ஊர்ச் சாலைக்கு லாயக்கு என்று சோதனை செய்து சான்றிதழ் வாங்க வேண்டும். அதெல்லாம் முடிகிற வரைக்கும் துறைமுகத்தில் நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை. அங்கிருந்து லாரியில் ஏற்றி நம் ஊருக்கு. இங்கே பதிவு செய்யும்போது, சுங்கம் எல்லாம் சேர்ந்து வீங்கிப்போன அந்த மொத்த விலைக்குச் சாலை வரி. கூட்டிப் பார்த்தால் உன் நூறு ரூபாய் வண்டி வாசலுக்கு வந்து நிற்கும்போது முந்நூறைத் தொட்டு நிற்கிறது. அந்தப் பணத்துக்கு விழுப்புரத்தில் ஷோரூமுக்குப் போனால், மாலை போட்டு, தேங்காய் உடைத்து, ஒன்றுக்கு இரண்டாகப் புது வண்டி ஓட்டிக்கொண்டு வரலாம். யாருக்குமே லாபம் இல்லையா என்று கேட்டேன். இங்கே கிடைக்காத வண்டிதான் வேண்டும், என்ன செலவானாலும் சரி என்கிற பணக்காரர்கள் கொண்டுவருவார்கள், அவர்கள் மிச்சம் பிடிக்கக் கொண்டுவருவதில்லை என்றார் பாய். மும்பையில் அப்படி இங்கிலாந்திலிருந்து ஒருவர் கொண்டுவந்த காரின் முன்விளக்கை மாடு ஒன்று முட்டி உடைத்துவிட்டதாம். அந்த விளக்கு வந்து சேர நாலு மாதம் ஆகியிருக்கிறது. காணை ரோட்டில் கரும்பு டிராக்டருக்கு வழிவிட்டு நீ ஓரம் கட்டுகிற காட்சியை நினைத்துப் பார்த்தேன். அந்த டிராக்டருக்கு மாடு பரவாயில்லை. போதாததற்கு உன் ஜப்பான் காரில் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் வழி சொல்லுமாமே. நம் வீட்டில் நான் தமிழில் சொல்கிற வழியையே உன் அப்பா கேட்பதில்லை.

இதையெல்லாம் இவ்வளவு நியாயமாகப் பேசுகிறாளே, இவள் யோக்கியதை என்ன என்று உனக்குத் தோன்றும். நியாயம்தான். நம் பாண்டி நம்பர் வண்டியை நீ மறந்திருக்க மாட்டாய். நீ ஏழாவது படித்தாய். திண்டிவனத்தில் அப்போது பாதிப் பேர் பாண்டிச்சேரியில் பதிவு செய்த வண்டி வைத்திருந்தார்கள், அங்கே சாலை வரி கம்மி. பதிவு செய்ய அந்த ஊர் முகவரி வேண்டும். உன் அப்பா வேண்டாம் என்றார். நான்தான், பாண்டியில் உன் சித்தப்பா எதற்கு இருக்கிறார் என்று சொல்லி அவர் பெயரில் பழைய கார் ஒன்றை வாங்க வைத்தேன். மிச்சம் பிடித்த பணத்துக்கு அன்றைக்கே ஒரு கம்மல் வாங்கிக்கொண்டேன் என்பது உன் அப்பாவுக்கே இப்போது படித்தால்தான் தெரியும்.

அதற்கப்புறம் நடந்தது என்ன? ஞாயிற்றுக்கிழமை ஆனால் சித்தப்பா குடும்பத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார். டயரை உதைத்துப் பார்ப்பார். “எம் பேர்ல இருக்கிற வண்டி அண்ணி, நாந்தான பதில் சொல்லணும்” என்று சாவியை வாங்கிக்கொண்டு போவார். திருப்பதிக்கு மொட்டை போட எடுத்துக்கொண்டு போய், பின் சீட்டெல்லாம் புளியோதரையோடு, டேங்கில் ஒரு சொட்டு இல்லாமல் கொண்டுவந்து நிறுத்தினார். வாங்கியவர்கள் நாம், அனுபவித்தவர் அவர். கடைசியில் ஒருநாள் மேம்பாலத்துப் பக்கம் வெளிமாநில வண்டிகளுக்கான வரிச் சோதனையில் நிறுத்தினார்கள். என் தம்பியோட வண்டி, இன்றைக்கு மட்டும் வாங்கி வந்தோம் என்று சொல்லும்படி நான் உன் அப்பாவுக்கு ஆறு மாதமாகப் பாடம் எடுத்திருந்தேன். அந்த அதிகாரி மரியாதையாக, யாருடைய வண்டி சார் என்று கேட்டார். உன் அப்பா, “எங்களுதுதான் சார்” என்றார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். எத்தனை நாளாக வைத்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கும் நாள் தேதியோடு பதில் சொன்னார். இங்கே கட்ட வேண்டிய வரியையும் அபராதத்தையும் கட்டினோம். பாண்டியில் கட்டியது போனது போனதுதான். கம்மலும் போயிற்று. அப்புறம் அந்த வண்டியை விற்கலாம் என்றால் சித்தப்பாவின் கையெழுத்து வேண்டும். அவர் ஒரு மாதம் இழுத்தடித்தார், கேட்டால், மனசு வரவில்லை என்றார். பழகிவிட்டதாம்.

அப்போது புரிந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு சாமான் இன்னொரு ஊரில் மலிவாக இருக்கிறது என்றால் அது அந்த ஊரில்தான் மலிவு. ஓடப்போகிற ஊர் தன் பங்கைக் கேட்காமல் விடாது. எனக்குப் புரியவில்லை, பதினைந்து வருஷம் கழித்து அதே தப்பைக் கடல் தாண்டிச் செய்ய உன்னைத் தூண்டிவிட்டேன். நீயாவது என்னிடமிருந்து மூக்கை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடு. பட்டறை வைத்தால் நாளைக்கு உன் கடைக்கும் வந்து யாராவது சொல்வான், அந்த ஊரில் பழைய மிஷின் பாதி விலை என்று. விலையைக் கேட்காதே, வாசலில் இறக்கி, மாட்டி, முதல் சாமான் கடைந்து எடுக்கிற வரைக்கும் என்ன ஆகும் என்று கேள். அதற்குப் பதில் சொல்லத் தெரியாதவனிடம் டீ மட்டும் குடி.

நேற்றுக் காலையில் காணைக்குப் போனேன். உன் அப்பாவும் வருகிறேன் என்றார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்ல எனக்குப் பழக்கம் இல்லை, பார்வையாளர்கள் இல்லாமல் இருந்தால் நல்லது என்று. உன் மாமனாரும் மாமியாரும் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்து இரண்டு கை உரித்தேன். அப்புறம் சொல்லிவிட்டேன். கப்பல் இல்லை, கார் இல்லை, அன்றைக்குச் சபையில் எல்லாரும் ஒரு மாதிரி பார்த்ததும் பயத்தில் உளறிவிட்டேன், அதை நிஜமாக்கத்தான் பிள்ளை ஐந்து வருஷச் சம்பாத்தியத்தைக் கரைக்கப் போகிறான் என்றேன். உன் மாமனார் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோபப்படவில்லை, அதைவிட மோசமானதைச் செய்தார். “அதுக்கென்னா சம்மந்தி. நாங்க சொன்னது சொன்னதுதான். அந்த ஆள இன்னிக்கே கூப்ட்டு அரை ஏக்கரப் பேசி முடிச்சுடறேன்” என்று போனை எடுத்தார்.

அப்போதுதான் நான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். வேண்டாம். கார் வேண்டாம், நிலத்தை விற்க வேண்டாம், என் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, அவன் வேண்டாம் என்று சொல்லச் சொன்னான், அவ்வளவுதான் காரணம், வேறு காரணமே இல்லை. நம்பினாரா என்று தெரியவில்லை, ஊர் என்ன பேசும், அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்று இழுத்தார். போன் கையிலேயே இருந்தது. உள்ளே இருந்து நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண் வந்தாள். என்னைப் பார்த்து, வாங்க அத்தை என்றுகூடச் சொல்லவில்லை, நேராக அவள் அப்பாவிடம் போனாள்.

“போன வைப்பா. அவரு லேத் போடணும்னுதான் அங்க போனாரு, மொத மொத பேசினப்பவே என்கிட்ட சொன்னாரு. கார் வந்தா லேத் வராதுன்னு எனக்கு அப்பவே தெரியும். அத்தை ஆசைப்படறாங்கன்னு சொன்னாரு, அதான் நான் வாயத் தொறக்கல.”

அம்மா ஆசைப்படுகிறாள் என்று நீ நினைத்தாய். உன் மாமனார் வீட்டார் எதிர்பார்க்கிறார்கள் என்று நான் நினைத்தேன். மாப்பிள்ளை வீட்டு மரியாதை என்று அவர்கள் நினைத்தார்கள். கடைசியில் அந்த வண்டியில் ஏற ஆசைப்பட்ட ஆள் ஒருவர்கூட இல்லை, தம்பி. உன் மாமனார் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அப்படியானால் பெண் அழைப்புக்கு என்ன வண்டி என்று மட்டும் கேட்டார். விழுப்புரத்தில் ஒருநாள் வாடகைக்குச் சொல்லிவிடலாம், என்ன நிறம் வேண்டும் என்று பெண்ணையே கேளுங்கள் என்றேன். அவள் சிரிக்கவில்லை, ஆனால் எனக்கு டீ கொண்டுவந்தாள்.

இனி நீ அந்தப் பணத்தை அனுப்ப ஒரு காரணமும் மிச்சம் இல்லை. ஏஜென்ட்டுக்கு இன்றைக்கே வேண்டாம் என்று எழுதிவிடு. எழுதியதும் முதலில் எனக்குச் சொல்லாதே, நான் கடையில் நாலு பேரிடம் சொல்லிவிடுவேன். அவளுக்குச் சொல். பட்டறைக்கு இடம் பார்ப்பது, மிஷின் பார்ப்பது எல்லாமே இனிமேல் அப்படியே; அவளுக்குச் சொல்லிவிட்டு, அவள் சரி என்ற பிறகு, சாவகாசமாக எனக்குச் சொன்னால் போதும்.

உன் அம்மா